நிழல் விழாத மூலை

டிசம்பர் 18

அம்மாவின் விரல்கள் இன்று காலையும் மடங்கவில்லை. குன்னூரில் மார்கழிக் குழாய்த் தண்ணீருக்குப் பல் இருக்கிறது. பாத்திரம் கழுவ வேண்டாம் என்று சொன்னால் கேட்பதில்லை. கழுவிவிட்டு முந்தானைக்குள் கைகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாதது போல என்னைப் பார்க்கிறாள்.

அப்பா கொல்லைப்புறத்தில் வெந்நீர் பாய்லருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். விறகு ஈரம். வீடு முழுக்கப் புகை. பள்ளிக்குப் போனதும் என் நூலகத்துக்கு வந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "மிஸ், உங்க மேல கருவாடு வாசம்" என்றது. கருவாட்டைப் புகையில் காட்டுவார்கள் என்று அதற்கு யார் சொன்னார்களோ.

மாலை பக்கத்து வீட்டு தேவராஜ் மாமாவும் அவர் மகன் பிரதாப்பும் வந்தார்கள். மாமாவும் அப்பாவும் ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்தில் மனை வாங்கி, ஒரே மேஸ்திரியை வைத்துக் கட்டியவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. நான் காபி கொண்டுபோனபோது பேச்சு நின்றது. பிறகு மாமா, "பச்சைத் தேயிலை விலை இந்த வருஷமும் ஏறாது போல" என்றார். பிரதாப் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் போனதும் அப்பா, "மாடியில சோலார் ஹீட்டர் போட்டுடலாம்மா. பிரதாப்பே செஞ்சு தர்றேங்கறான்" என்றார். நான் கேட்டபோதெல்லாம், 'மேகம் மூடுற ஊர்ல சூரியனை நம்பறதா?' என்று சிரித்தவர். ஒரே மாலையில் மாறிவிட்டார். பிரதாப் பேசினால் யாரும் மாறிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கோத்தகிரி ரோட்டில் அவன் சோலார் கடை நன்றாகப் போவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 22

நல்ல வெயில். பனி விலகிய பிறகு வானம் அவ்வளவு நீலம்.

பிரதாப் காலையிலேயே எங்கள் மாடிக்கு வந்துவிட்டான். ஹீட்டரை எங்கே வைப்பது என்று நிழல் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஒரு ஆள் வேண்டும், அவன் கடைப் பையன் லீவு, அதனால் நான். ஒரு நீள மூங்கில் கம்பு. அதன் நுனியில் அட்டைப்பெட்டி மூடியைக் கட்டியிருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு நான் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில், எங்கள் வீட்டைப் பார்த்த கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். அவன் எங்கள் மாடியில் நின்று, அட்டையின் நிழல் விழும் இடத்தைக் குறித்துக்கொள்வான்.

"வாசு, இன்னும் மேலே தூக்கு. இன்னும்."

"தூக்கியாச்சு. இதுக்கு மேல நான் கொக்காப் பொறந்திருக்கணும்."

"கம்பைத் தரையில ஊனி, சந்துப் பக்கமா சாய்ச்சுப் பிடி. ஆங். அப்படியே நில்லு. அசையாதே."

"எதோட நிழலைப் பார்க்கறே? உங்க மாடியில ஒண்ணுமே இல்லையே."

அவன் குனிந்து எதையோ கீறிக்கொண்டிருந்தான். "பின்னாடி அந்த சில்வர் ஓக் மரம் வளரும்ல" என்றான்.

சில்வர் ஓக் இன்னும் எவ்வளவோ தள்ளி இருக்கிறது. ஆனாலும் அவன் தொழில் அவனுக்குத் தெரியும். வெயில் நகர நகர என்னையும் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி நிறுத்தினான். காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, அப்புறம் ஒன்று. எங்கள் மாடித் தளத்து சிமெண்டில் ஒவ்வொரு இடத்திலும் ஆணியால் ஒரு கீறல் போட்டான். கை கடுத்தது. சொல்லவில்லை.

"மார்கழி வெயில்தான் ரொம்பச் சரிஞ்ச வெயில். இன்னிக்கு எங்க நிழல் விழலையோ, அங்க வருஷம் பூரா விழாது" என்றான், பாடம் நடத்துகிற மாதிரி.

அத்தை, அவன் அம்மா, கீழிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டா, வயசுப் பொண்ணைக் கொடிமரமா நிக்க வெச்சிருக்கே?" என்று திட்டினார். அவன் சிரித்தான். நானும்.

மற்றவர்கள் முன்னால் அவனை 'நீங்க' என்பேன். மாடியில் மட்டும் 'நீ'. இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. நினைவிருக்கிற மாதிரியும் இருக்கிறது.

ஜனவரி 4

ஹீட்டர் வந்துவிட்டது. வரிசையாகக் கறுப்புக் கண்ணாடிக் குழாய்கள், தலைமாட்டில் உருண்டைத் தொட்டி. குழாய் வெயிலை வாங்கித் தண்ணீரைச் சுடவைக்குமாம். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறித் தொட்டிக்குப் போகுமாம். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை.

ஒரே சண்டை இடம் பற்றித்தான். தெற்கு ஓரம் முழுக்கக் காலியாக, வெயில் கொட்டிக் கிடக்கிறது. அவனோ வடமேற்கு மூலையில்தான் வைப்பேன் என்றான். அது என் மூலை. துணிக்கொடி அங்கே, என் பிரம்பு நாற்காலி அங்கே, ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே.

"தெற்கால வெச்சாத்தான் என்ன?"

"பாத்ரூமுக்குப் பைப் தூரமாயிடும். வர்றதுக்குள்ள சூடு போயிடும்."

"நான் எங்க உட்கார்ந்து படிக்கிறது?"

"தெற்கு ஓரத்துல உட்காரேன். எங்க மாடியைப் பார்த்தாப்ல."

நாற்காலியைத் தூக்கித் தெற்கு ஓரத்தில் போட்டேன்.

ஜனவரி 5

அம்மா குழாயைத் திறந்து, கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டினாள். அப்படியே நின்றாள். தண்ணீர் வீணாகிறது என்று அப்பா சத்தம் போடும்வரை நின்றாள்.

ஜனவரி 30

புல்லெல்லாம் உறைபனி. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. பாய்லர் விறகை வீட்டு வேலைக்கு வரும் செல்வியக்காவுக்குக் கொடுத்துவிட்டோம்.

மழையில்லாத நாளிலும் இங்கே கரண்ட் போகிறது. நான் மெழுகுவர்த்தியில் படிப்பதைப் பார்த்துவிட்டு, பிரதாப் இன்று கையகல பேனல் ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் பொருத்தி, கம்பி இழுத்து, என் மேசைக்கு ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்தான். அப்பா காசு கேட்டதற்கு, "இது என் கணக்கு மாமா" என்றான்.

வெளிச்சம் மஞ்சள். கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஒரு விளக்கைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

ஏப்ரல் 16

பக்கத்து வீட்டில் வேலை தொடங்கிவிட்டது. மேலே ஒரு மாடி எடுக்கிறார்கள். சித்தாள்கள் மணல் சுமந்து ஏறுவதை என் நாற்காலியிலிருந்து பார்க்க முடிகிறது. தெற்கு ஓரத்துக்கு வந்ததில் ஒரே லாபம் இந்த வேடிக்கை.

"எதுக்கு இன்னொரு மாடி?" என்று கேட்டேன்.

"சீசனுக்கு ரூம் விடலாம்னு அப்பாவுக்கு ஆசை. ஊர் பூரா ஹோம் ஸ்டே போடறாங்கல்ல."

"அப்ப ராத்திரியெல்லாம் கிடாரும் கூச்சலுமா?"

"படிக்கிறவங்க பக்கத்து வீட்ல இருக்காங்கன்னு போர்டு போட்டுடறேன்."

ஜூன் 11

விருதுநகரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். பெரிய நூலகம். இங்கே நான் செய்வது, பிள்ளைகள் எச்சில் தொட்டுப் புரட்டிய படக்கதைகளுக்கு அட்டை ஒட்டுவது. அங்கே ஒரு தளம் முழுக்கப் பழைய பத்திரிகைத் தொகுப்புகள் இருக்கின்றனவாம். அவற்றை வகைப்படுத்த ஆள் தேடுகிறார்கள்.

மாடியில் பிரதாப்பிடம் சொன்னேன். குழாய்களின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"விருதுநகரா? வெந்துடுவே. அங்க வேப்பமரம்கூட நிழலுக்கு அலையும்."

"வெந்தா என்ன?"

"இங்கேயே இரேன்."

இன்னொரு வாக்கியமும் சொன்னான். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமலே நினைவிருக்கும்.

ஜூன் 13

வரவில்லை என்று கல்லூரிக்கு எழுதிவிட்டேன். அப்பாவுக்கு மகிழ்ச்சி. அம்மா மட்டும், "நல்லா யோசிச்சியா?" என்று கேட்டாள். அம்மாவின் கைக்கு நான் பக்கத்தில் இருப்பது நல்லது என்றேன். இது பொய்யல்ல.

ஜூலை 20

பத்து நாளாகச் சூரியனைக் காணோம். தண்ணீர் வெதுவெதுப்பு. அம்மாவுக்கு அடுப்பில் கொஞ்சம் சுடவைத்துக் கலந்து கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 27

பக்கத்து வீட்டு மாடிக்கு காங்கிரீட் போட்டு, கைப்பிடிச் சுவரும் எழுப்பிவிட்டார்கள். உயரமாகத்தான் இருக்கிறது. சந்துக்கு இடமே விடாமல் மேல் தளத்தை எங்கள் பக்கம் நீட்டியிருக்கிறார்கள். அப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வாசலில் ஒரு செங்கல்லை யாராவது வைத்தாலே வழக்குப் பேசுகிறவர்.

எங்கள் மாடிக்கு வெயில் குறையும் என்று பயந்தேன். துளி நிழல் இல்லை. இந்த மாதங்களில் சூரியன் வடக்கே வந்துவிடுகிறதே. நல்ல வேளை.

அக்டோபர் 20

காலையில் அத்தை தட்டில் பூந்தியும் பூவுமாக வந்தார்.

"தையில பிரதாப்புக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். மேட்டுப்பாளையம். பொண்ணு பேரு ஷர்மிளா. எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கா. மேல் மாடி அவங்களுக்குத்தான். வாசு, நீதான் முன்னாடி நின்னு எல்லாம் பார்க்கணும். அவனுக்குக் கூடப் பொறந்தவங்க யாரு இருக்காங்க?"

பூந்தியில் கிராம்பு இருந்தது. நான் கடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதுவும் கேட்டிருக்கவில்லை.

அக்டோபர் 23

பஸ் ஸ்டாண்டில் பிரதாப் காத்துக்கொண்டிருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தான்.

"வாசு, ரெண்டே வாரத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்பா நெஞ்சு வலிக்குதுன்னு படுத்துட்டார். தெரிஞ்சவங்க மூலமா ஜாதகம் வந்தது. நான் என்ன பண்ணட்டும்?"

"ஹோம் ஸ்டேன்னு சொன்னே?"

"அதுக்குத்தான் கட்டினோம். பொண்ணு அமைஞ்சதும் அப்பா மாத்திட்டார். சத்தியமா எனக்கே தெரியாது."

அவன் முகம் வெளுத்திருந்தது. மூன்றாம் ஆள்கள் பார்க்கிறார்கள் என்பதால் நான், "சரிங்க, எனக்குப் பஸ் வந்துடுச்சு" என்றேன். பஸ் வந்திருக்கவில்லை. வேறு ஊர் பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்து பள்ளிக்குப் போனேன்.

நவம்பர் 5

இந்தக் குறிப்பேட்டில் ஜூன் மாதம் எழுதாமல் விட்ட வாக்கியம் இது: 'கொஞ்சம் பொறு, வர்ற தையில வீட்ல பேசிடறேன்.'

தை மட்டும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

நவம்பர் 12

பல நாள் யோசித்ததில் ஒன்று தெளிவாகிறது. அவன் மேல் கோபப்பட வழியில்லை. அப்பா படுத்துவிட்டார், சொந்தம் சுற்றி நிற்கிறது, ஒரு மனிதன் என்ன செய்வான்? தைரியம் இல்லாமலிருப்பது குற்றமல்ல. நான் படித்த கதைகளில் பாதி ஆண்கள் இப்படித்தான். அவர்களை நான் வெறுத்ததில்லை, பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அவன் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான். பிறகு நடந்தது வேறு. அந்த ஒன்று போதும் எனக்கு. அதை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். அவன் பொய் சொல்லவில்லை. அது ஒன்றுதான் வேண்டும்.

மேசை விளக்கில்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 21

காலையில் காபியோடு மாடிக்குப் போனேன். நாற்காலி நிழலில் இருந்தது. குளிர்ந்துவிட்டிருந்தது. சூரியன் தெற்கே சாயத் தொடங்கிவிட்டது போல. பக்கத்து வீட்டு மாடியின் நிழல் எங்கள் தெற்கு ஓரத்தில் விழுந்து கிடக்கிறது. நாற்காலியை வெயிலுக்கு நகர்த்தினேன்.

டிசம்பர் 3

மறுபடி நகர்த்த வேண்டியிருந்தது. பெரிய, நேரான விளிம்புள்ள நிழல். மாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருகிறது. ஹீட்டர்வரை போய்விட்டால் என்ன செய்வது என்று அம்மாவின் கையை நினைத்துப் பயமாக இருந்தது. பிரதாப்பைக் கேட்க வேண்டும். கேட்கப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 14

இன்று பள்ளி விடுமுறை. துணி காயப்போட மாடிக்குப் போனேன். பத்து மணி வாக்கில் நிழல் பாதி மாடியைத் தாண்டியிருந்தது. ஹீட்டரின் கால்களுக்கு இப்பால் நின்றது. குழாய்களின் மேல் ஒரு பொட்டு நிழல் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

பிறகு அந்த நிழல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்று தெரியாமல் குனிந்தேன். விளிம்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, சிமெண்டில் ஆணிக் கீறல்.

ஈரத்துணி வாளியைக் கீழே வைத்தேன்.

போன மார்கழியில் இந்த இடத்தில்தான் நான் பிடித்த கம்பின் நிழல் விழுந்தது. இப்போது அதே இடத்தை நோக்கி அவர்கள் வீட்டுச் சுவரின் நிழல் வருகிறது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அதன் தலை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் அன்று அட்டைப்பெட்டி மூடி ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் மேலே தூக்கு, இன்னும். தரையில் ஊனி, சந்துப் பக்கம் சாய்த்துப் பிடி. அசையாதே.

இல்லாத மாடிக்குப் பதிலாக என்னை நிற்க வைத்திருக்கிறான்.

அத்தை கொடிமரம் என்று திட்டினார். அப்போது அத்தைக்கும் தெரிந்திருக்கும்.

டிசம்பர் 15

நேற்று இரவெல்லாம் அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். மாடி கட்டுகிற எண்ணம் அவர்களுக்கு முன்பே இருந்திருக்கலாம். ஹோம் ஸ்டேவுக்காகவே இருந்திருக்கலாம். கல்யாணம் பிறகு வந்திருக்கலாம். மாடி ஒரு பொய். கல்யாணமும் பொய்யாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

காலையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "பக்கத்து வீட்டு மாடி நம்ம வெயிலை எவ்வளவு மறைக்குது பார்த்தீங்களா?" என்றேன்.

"அதான் போன வருஷமே தேவராஜ் வந்து சொல்லிட்டானே."

"என்ன சொன்னாரு?"

அப்பா பேப்பரை மடித்தார். "பையனுக்கு மேட்டுப்பாளையத்துல பேசி முடிச்சிருக்கோம், பொண்ணு படிப்பு முடியட்டும்னு இருக்கோம், அதுக்குள்ள மேல ஒரு மாடி எடுக்கணும், சந்துக்கு இடம் விட முடியாது, நீ ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னான். உனக்கு வெயில் கொஞ்சம் போகும், அதுக்குப் பதிலா ஹீட்டர் போட்டுத் தந்துடறோம்னான். உங்கம்மா கையை நினைச்சேன். சரின்னுட்டேன்."

"பிரதாப் அப்ப இருந்தாரா?"

"இருந்தானே. அவன்தானே, 'மாமா, நிழல் விழாத மூலையாப் பார்த்து வெச்சுத் தர்றேன்'னான். நீகூடக் காபி கொண்டுவந்தியே."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உறுதியாகற வரைக்கும் வெளிய சொல்ல வேண்டாம்னாங்க. அதோட, நீ என்னிக்கு யார் வீட்டு விஷயத்தைக் கேட்டிருக்கே? உனக்குப் புத்தகம் உண்டு, நீ உண்டு."

என் அப்பா தப்புச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு வெயிலைக் கொடுத்து, மனைவிக்கு வெந்நீர் வாங்கியிருக்கிறார். நியாயமான பண்டமாற்று. அதில் நானும் இருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாதபடி வைத்திருந்தது நான்தான்.

அம்மா இட்லித் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

டிசம்பர் 16

பேச்சு முடிந்தது போன மார்கழிக்கு முன்னால். விளக்குப் போட்டது தையில். 'இங்கேயே இரேன்' என்றது வைகாசியில். நெஞ்சு வலி ஐப்பசியில். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றும் கடினமில்லை. பிள்ளைகள்கூட இதைவிடச் சிக்கலான கதைகளைப் படிக்கிறார்கள்.

விளக்கின் கம்பியைக் கழற்றி, அடுக்களைக்கு இழுத்து மாட்டினேன். அம்மா அதன் கீழே கீரை ஆய்கிறாள்.

டிசம்பர் 22

ஹீட்டரில் கசிவு என்று நேற்று பிரதாப்புக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு வந்தார். கையில் ஸ்பானர் பை. கல்யாணத்துக்காக மீசையைத் திருத்தியிருக்கிறார்.

"எங்க கசியுது வாசு?"

"கசியலீங்க."

"என்ன புதுசா 'ங்க' போடறே? இங்க யாரும் இல்லையே."

"இங்க வந்து நில்லுங்க."

கீறலைக் காட்டினேன். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நிழலின் விளிம்பு கீறலின் மேல், கோடு போட்ட மாதிரி கிடந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. என்னவென்று தெரிந்திருந்தது. அவர் போட்ட கீறல்தானே.

"அன்னிக்கு நான் கம்பைப் பிடிச்சுட்டு நின்னேனே, அதுதான் சில்வர் ஓக்கா?"

"வாசு, அப்ப எதுவும் உறுதியா ஆகலை."

"உயரம் உறுதியா இருந்திருக்கே."

சந்தில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். அவர் தொட்டிப் பக்கம் போனார். பழக்கதோஷம், உள்ளங்கையால் தொட்டியைத் தொட்டார், குழாய்களைக் கண்ணால் எண்ணினார், ஒரு நட்டைத் திருகிப் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"தண்ணி சூடா வருதுல்ல?"

"வருது."

"நான் நினைச்சிருந்தா தெக்கு ஓரத்துலயே வெச்சுட்டுப் போயிருக்கலாம். யாரு கேட்டிருப்பாங்க? வேற வீடா இருந்தா அப்படித்தான் வெச்சிருப்பேன். உங்க வீடுன்னுதான் பார்த்துப் பார்த்து வெச்சேன். உங்கம்மாவுக்கு ஒருநாள் குறைஞ்சிருக்குமா?"

இதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அவர் சொன்னது உண்மை. அன்றே, அந்தக் கம்பை நான் தூக்கிப் பிடித்திருந்தபோதே, அவர் எங்கள்மேல் அக்கறையோடும் இருந்தார். இரண்டையும் ஒரே கையால் செய்திருக்கிறார்.

"அப்ப ஜூன்ல ஏன் என்னைப் போக விடலை?"

அவர் ஸ்பானரைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

"நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு" என்றார்.

சரியாகி விட்டது ஜிப். போய்விட்டார்.

நான் படியிறங்கும்போதுதான் சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்தது: ஹீட்டருக்கு நிழல் விழாத மூலை பார்த்தீர்கள், என் நாற்காலியை எங்கே போடச் சொன்னீர்கள் என்று. பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் மட்டும் என்ன.

அடுக்களையில் அம்மா இரண்டு கையையும் வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நன்றாக மடங்குகின்றன இப்போது. திரும்பாமலே கேட்டாள்:

"அந்த விருதுநகர்க்காரங்களுக்கு மறுபடி எழுதிப் பார்க்கறியா?"

எவ்வளவு நாளாகத் தெரியும் அம்மாவுக்கு? கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைப் போலத்தான்.

"உன் கை?" என்றேன்.

"சூடு பண்ணித் தர ஒரு ஆள்தான் வேணும். அதான் மாடியில ஒண்ணு நிக்குதே."

ஜனவரி 24

பக்கத்து வீட்டில் மேளம். தலைவலி என்று படுத்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போய்வந்தார்கள். பெண் நல்ல நிறம், நன்றாகப் பேசுகிறாள் என்று அப்பா சொன்னார். வெற்றிலைத் தேங்காய்ப் பையை அம்மா பிரிக்காமலே செல்வியக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 27

காலையில் மேல் மாடி ஜன்னலிலிருந்து ஷர்மிளா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். "அக்கா, உங்க மாடியில வெயிலே வராதா?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"ஒரு மூலையில வரும்" என்றேன்.

பாவம், அந்த மூலையைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மார்ச் 2

விருதுநகரிலிருந்து பதில். வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அந்த ஆள் சித்திரையில் போகிறாராம், வெயில் தாங்கவில்லையாம். மே மாதம் சேர முடியுமா என்று கேட்கிறார்கள்.

பிரம்பு நாற்காலியை அம்மாவுக்காக ஹீட்டர் பக்கத்தில் போட்டேன். இடுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் உண்டு.

மே 7, விருதுநகர்

விடுதி அறை. பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, குளிக்கலாம் என்று மதியம் குழாயைத் திறந்தேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். கொதிக்கிறது.

பக்கத்து அறை ஜெயசீலி சிரித்தாள். "ஊருக்குப் புதுசா? மேல தொட்டி வெயில்ல கெடக்குல்ல. குளிக்கணும்னா விடியக்காலையிலயே வாளியில புடிச்சு வைக்கணும். ஆறினப்பறந்தான் மேலுல ஊத்த முடியும்."

யாரும் நிழல் பார்த்து வைத்த தொட்டியில்லை. வெட்டவெளியில் கிடக்கிறது.

நாளைக்குப் பிடித்து வைக்க ஒரு வாளி வாங்க வேண்டும்.